நீல சயனோடைப் படத்தைக் கறுப்பாக்க டீத்தூள் போதும்

சயனோடைப் (இரும்பு உப்புகள் பூசிய தாளை வெயிலில் காட்டிப் படம் எடுக்கும் பழைய முறை) என்றாலே நீலம்தான், ஆனால் அந்த நீலம் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது, முக்கியமாக முகங்களுக்கு. நிறத்தை மாற்றக் கடைச்சரக்கே போதும். படத்தை நன்றாக அலசி ஒரு நாள் காயவிடுங்கள், ஈரம் ஆறாத படத்தில் கைவைக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வாஷிங் சோடா (சமையல் சோடா இல்லை, துணிக்குப் போடுவது) கரைத்து, படத்தை அதில் நழுவவிட்டுக் கண் எடுக்காமல் பாருங்கள். முதலில் வெளிர் பகுதிகள் கரையும், நீலம் ஊதாவாகும், பிறகு மஞ்சளாக வெளுக்கும். சில நொடிகளில் முடிந்துவிடும், அதனால் நிழல்களில் கொஞ்சம் நீலம் இருக்கும்போதே எடுத்துவிடுவது என் வழக்கம், அந்த மிச்சம்தான் படத்துக்கு ஆழம் தருகிறது. எடுத்ததும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

இனி பால், சர்க்கரை சேர்க்காத கெட்டி டீ டிகாக்‌ஷன். ஆறவைத்து வடிகட்டி, படத்தை அரை மணி நேரமாவது ஊறவிடுங்கள். டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் படத்திலுள்ள இரும்போடு சேர்ந்து பழுப்பும் கறுப்புமாக ஏறும். கலம்காரித் துணி ஓவியத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு வருவதும் இதே சேர்க்கைதான். டீ தாளின் வெள்ளையையும் மங்கவைக்கும், அது பிடிக்காதவர்கள் டானிக் அமிலம் வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும்: இதற்கு எடுத்த பாத்திரம் திரும்ப அடுப்படிக்குப் போகக்கூடாது.