கியூபா வீட்டுக் காபி: நுரை கூடும் பக்குவம்

கியூபா வீட்டு அடுப்பில் பெரும்பாலும் இருப்பது மோக்கா பாத்திரம்: அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேலே டிகாஷன். மூன்று கப் பாத்திரத்தில் பாதுகாப்பு வால்வுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் விடுங்கள், ஏறக்குறைய 150 மி.லி. பிடிக்கும். நன்றாகக் கருக வறுத்த தூள் 15 கிராம். தலை தட்டினால் போதும், அமுக்கவே கூடாது. அமுக்கினால் தண்ணீர் மேலேற வழி அடைபட்டு வால்வு சீறும். கியூபாவின் ரேஷன் காபியில் வறுத்த பட்டாணி கலந்திருக்கும், அது வடிகட்டியை இன்னும் சீக்கிரம் அடைக்கும்.

தீ சிறிதாக இருக்கட்டும். டம்ளரில் 3 டீஸ்பூன் சர்க்கரை போட்டுத் தயாராக நில்லுங்கள். முதலில் கசியும் கெட்டி டிகாஷனில் ஒரே ஒரு டீஸ்பூன் எடுத்து அந்தச் சர்க்கரையில் விட்டு, ஓரிரு நிமிடம் விடாமல் அடியுங்கள். பழுப்பு வெளுத்து, கரண்டியில் ஒட்டும் பசையாக வேண்டும். இதுதான் ‘எஸ்புமீத்தா’ என்னும் நுரை. கைதவறி டிகாஷன் அதிகம் விழுந்தால் வெறும் பாகுதான். இன்னும் ஒரு டீஸ்பூன் சர்க்கரை சேர்த்து அடித்தால் ஓரளவு தேறும்.

மேலே களகள சத்தம் வந்ததும் இறக்கிவிடுங்கள், தாமதித்தால் கசக்கும். மிச்ச டிகாஷனை மெல்ல ஊற்றிக் கலக்கினால் நுரை மேலே மிதக்கும். சின்னக் கோப்பைகளில், சூடாக. பால் கேட்காதீர்கள்.