வயலின் சாதகம்: வெறுந்தந்தியிலிருந்து சரளி வரிசை வரை

பல்கலைக்கழகத்தில் வயலினை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கும் நான், வாரத்தில் இரண்டு நாள் தனிப்பாடத்துக்குச் சென்றுவிட்டு, மற்ற நாள்களில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையில் விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சாதகத்துக்கு, அதாவது அன்றாட இசைப் பயிற்சிக்கு, அமர்கிறேன். அதைச் சுவருக்கு அந்தப்புறமிருந்து கேட்டே வயலின் வாங்கிவிட்ட பக்கத்து வீட்டுத் தங்கைக்கு நான் சொல்லிக்கொடுத்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையிலிருந்து வந்த வயலின் உடனே பேசாது. வில்லின் முடியில் தேய்க்கும் பிசின்கட்டியான ரோசின் புதிதாக இருக்கும்போது அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பதால் வில்லின் முடி அதில் வழுக்கும்; ஆகவே உப்புத்தாளால் அதை லேசாகச் சுரண்டி, மாவு படியத் தொடங்கியபின் முடியின் முழு நீளத்துக்கும் தேய்க்க வேண்டும்.

அடுத்து அமரும் முறை. சம்மணமிட்டு அமர்ந்து, வலது காலைச் சற்று முன்னால் தள்ளி, வயலினின் சுருள் தலையை அந்தப் பாதத்தின்மேல் நிறுத்தி, அடிப்பாகத்தை இடது தோளெலும்புக்குக் கீழே மார்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். வாத்தியத்தின் பாரம் பாதத்திலும் மார்பிலும் இறங்கிவிட்டால் இடது கை எதையும் தாங்க வேண்டியதில்லை. பின்னாளில் கமகங்களுக்காக (சுரங்களை அசைத்தும் வழுக்கியும் வாசிக்கும் அழகுகளுக்காக) கை மேலும் கீழும் வழுக்கிச் செல்ல வேண்டியிருப்பதால், முதல் நாளிலேயே கட்டைவிரலை இறுக்கிப் பிடிக்காமல் பழகுவது நல்லது.

சுருதி சேர்ப்பதற்குத் தொடக்கத்தில் பத்து நிமிடம்கூட ஆகலாம். அதைச் சாதகத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள். மேல்நாட்டு முறையில் ஜி, டி, ஏ, இ என்று சேர்க்கப்படும் நான்கு தந்திகளை, கர்நாடக இசையில் நாம் தடித்ததிலிருந்து மெல்லியதுவரை ச (ஷட்ஜம்), ப (பஞ்சமம்), ச, ப என்று சேர்க்கிறோம்; ஆனால் முதல், இரண்டாம் தந்தி என்று எண்ணுவது மெல்லியதிலிருந்துதான். ஆசிரியர் சொன்ன கட்டையில் (சுருதி அளவில்) சுருதிப் பெட்டியை வைத்து, முதலில் இரண்டாம் தந்தியை மத்திய ஷட்ஜத்துக்குக் கொண்டுவந்து, பிறகு மெல்லிய முதல் தந்தியைப் பஞ்சமத்துக்குச் சேர்த்து, இரண்டையும் ஒரே வில்லில் சேர்த்திழுங்கள். ஒலி அலையலையாக அடித்தால் பஞ்சமம் இன்னும் விலகியிருக்கிறது என்று பொருள். அலை மெதுவாகி நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தந்தியை முறுக்கும் பிருடை காய்ந்து தானாக நழுவும், ஐப்பசி மழையில் ஊறி இறுகிக்கொள்ளும்; ஆகையால் பிருடையை உள்நோக்கி அழுத்தியபடி மெல்லத் திருப்புங்கள், இல்லையேல் முதல் தந்தி அறுந்துவிடும்.

இனி வில். விரல் எதையும் வைக்காமல், ஒவ்வொரு தந்தியிலும் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு இழுப்பு என்று வில்லின் அடியிலிருந்து நுனிவரை சென்று திரும்ப வேண்டும். வில், தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு இணையாகச் செல்கிறதா என்பதைக் கண்ணாடி முன் அமர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். கோணினால் ஒலி கீச்சிடும். முதலாண்டில் இந்தப் பயிற்சி சலித்துப்போய் நான் வர்ணம் என்னும் கடினமான உருப்படிக்குத் தாவியபோது, என் ஆசிரியை இரண்டு வரி கேட்டுவிட்டு வில்லைக் கையில் வாங்கி வைத்துவிட்டார். அடுத்த மூன்று வாரம் வெறுந்தந்திதான். அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

ஒலி நிலைத்தபின் மாயாமாளவகௌளை. பதினைந்தாவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) இந்த ராகம் வயலினில் கற்பவருக்கு ஒரு சலுகை தருகிறது: இரண்டாம் தந்தியில் ச வெறுந்தந்தி, ரி ஆள்காட்டி விரல், தந்தியின் சுருள் தலைப் பக்க முனையை ஒட்டி, க நடுவிரல், நன்றாகத் தள்ளி, ம மோதிரவிரல், நடுவிரலை ஒட்டி. முதல் தந்தியில் ப, த, நி, மேல் ச ஆகியவற்றுக்கும் இதே விரல் அமைப்புதான். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே விரல் அகலமாக விரிய வேண்டியிருப்பதால், காந்தாரம் தாழ்ந்து ஒலிப்பது எல்லோருக்கும் நேரும் பிழை. ஆகவே தொடக்கச் சுரப் பயிற்சியான சரளி வரிசையில் ஒவ்வொரு வரிசையையும் முதலில் வாயால் பாடிவிட்டு, பிறகு வாசியுங்கள்.

மேல் ஷட்ஜம் சரியா என்பதை வாத்தியமே சொல்லும். முதல் தந்தியில் மோதிரவிரலை வைத்து இழுக்கும்போது, பக்கத்தில் தொடப்படாமல் இருக்கும் இரண்டாம் தந்தியைப் பாருங்கள். ஸ்தானம் பிசகாமல் இருந்தால் அது தானாக நடுங்கும். மயிரிழை தவறினாலும் அடங்கிவிடும். பக்கத்து வீட்டுத் தங்கை இதைக் கண்டுபிடித்த அன்று, அரைமணி நேரம் அந்த ஒரே சுரத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

சரளி வரிசையை ஆதி தாளத்தில் முதற்காலத்தில் (மெதுவான வேகத்தில்) மட்டும் ஒரு வாரம் வாசித்து, தாளம் தவறாமல் வந்தபின்பே இரண்டாம், மூன்றாம் காலத்துக்குச் செல்லலாம். பாடத்துக்குப் போகும்போது ஆசிரியர் அனுமதித்தால் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டு, அன்றிரவே கேட்டு, அவர் நிறுத்திய இடங்களை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள். மறுநாள் விடியற்காலைச் சாதகம் அந்த இடங்களிலிருந்து தொடங்கட்டும். முடித்தபின் தந்திகளில் படிந்த ரோசின் மாவைப் பருத்தித் துணியால் துடைத்து, வில்லின் முடியைத் தளர்த்திப் பெட்டியில் வையுங்கள்.