எல்லை தாண்டி வந்த வீட்டில் ப்ளஸ் டூ பிள்ளை இருந்தால்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக்கு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று குடிவருகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் வெளியூருக்கு வந்த நினைப்பே வராது. டீக்கடையில் தமிழ், சந்தையில் தமிழ், பஸ்ஸில் பாதித் தமிழ். அந்தத் தெம்பில் பிள்ளையின் படிப்பு விஷயத்தையும் 'எல்லாம் அங்கே மாதிரிதானே' என்று விட்டுவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் விட்டோம். பெரியவளுக்கு அதனால் பட்ட பாட்டைச் சின்னவனுக்குப் படவில்லை. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே எப்போது கதவைச் சாத்துகிறார்கள் என்பது. தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் கவுன்சலிங் விண்ணப்பம் வழக்கமாக மே மாதத்தில், ரிசல்ட்டை ஒட்டித்தான் திறக்கும். பரீட்சையை எழுதிவிட்டு, மாங்காய் சீசனில் ஆற அமர யோசிக்கலாம். நுழைவுத் தேர்வும் 2007லிருந்து கிடையாது. கணக்கு நூறுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கும் என்று 200க்குக் கட் ஆஃப் போட்டு முடித்துவிடுவார்கள். கேரளத்தில் கீம் என்ற நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும். அந்தத் தேர்வின் மார்க்கும் ப்ளஸ் டூவில் அந்த மூன்று பாடங்களின் மார்க்கும் சேர்ந்துதான் ரேங்க் வரும். விண்ணப்பமோ ரிசல்ட்டுக்கு வெகு முன்பே, வருஷத்தின் முதல் மாதங்களிலேயே வாங்கி முடித்துவிடுவார்கள். ரிசல்ட் வந்த பிறகு விசாரிக்கப் போனால் கை விரிப்பார்கள்.

கீம் என்ஜினீயரிங் தேர்வு 2024லிருந்து கம்ப்யூட்டரில் நடக்கிறது. 150 கேள்வியில் 75 கணக்கு, 45 இயற்பியல், 30 வேதியியல். சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு ஒன்று போய்விடும். கணக்கில் தடுமாறுகிற பிள்ளைக்கு இது கொஞ்சம் கடினம்தான். டாக்டர் படிப்புக்கு இரண்டு பக்கமும் நீட்தான், அதைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் நீட் எழுதினால் மட்டும் கேரளத்து எம்.பி.பி.எஸ். சீட்டுக்குப் போட்டியிட முடியாது. கீம் விண்ணப்பத்திலும் மருத்துவத்தைக் குறித்து, உரிய தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல மார்க்கோடு நின்ற ஒரு பிள்ளையை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

மார்க் விஷயத்தில் இன்னொன்று. இங்கே ப்ளஸ் ஒன் மார்க்கும் சேர்த்துத்தான் 1200க்குக் கூட்டுகிறார்கள். 'ப்ளஸ் ஒன்னை எப்படியோ தாண்டினால் போதும்' என்பது இங்கே செல்லாது. மார்க் குறைந்திருந்தால் இம்ப்ரூவ்மென்ட் எழுத வழி உண்டு, பள்ளியில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். இரண்டாம் வருஷத்தில் ஒரு பாடம் போய்விட்டாலும் அதே வருஷம் 'சே' (சேவ் எ இயர், வருஷம் வீணாகாமல் மறுபடி எழுதுவது) பரீட்சை எழுதித் தேறலாம்.

இனி காகிதங்கள். படிப்பைவிட இதற்குத்தான் நான் அதிகம் அலைந்தேன்.

பெரியவள் ப்ளஸ் டூ இங்கே முடித்து, கோயம்புத்தூரில் சேர ஆசைப்பட்டாள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு அங்கே கவுன்சலிங்கில் இருப்பிடச் சான்று (நேட்டிவிட்டி) தேவையில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்தச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். சொந்த ஊர் தாலுகா ஆபீசுக்குப் போனேன். ரேஷன் கார்டைப் பார்த்த ஊழியர், "நீங்கதான் கேரளாவுக்குப் போயிட்டீங்களேம்மா, அப்புறம் எப்படி இந்த ஊர்னு எழுதிக் குடுக்கறது?" என்றார். கார்டை நாங்கள் வந்த உடனே இங்கே மாற்றியிருந்தோம். மாமனாரின் பழைய பத்திரம், கணவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாம் தூக்கிக்கொண்டு மூன்று நடை. கடைசி நாளுக்கு முந்தின நாள் கையில் கிடைத்தது. ஆகவே பழைய ஊரின் ஆதாரங்களை ப்ளஸ் டூ தொடங்கும் ஜூன் மாதமே எடுத்து வையுங்கள். ரேஷன் கார்டு மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்னவனுக்குப் பெயர்ப் பிரச்சினை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். அக்ஷயா சென்டரில் (நம் ஊர் இ-சேவை மாதிரி) இருந்த தம்பி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது ஒரு பையனா, இரட்டைப் பிள்ளையா?" என்று சிரித்தான். இதற்கு வில்லேஜ் ஆபீஸில் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் என்று ஒன்று தருகிறார்கள், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று. அதை வாங்கினோம், ஆதாரையும் மார்க் ஷீட்டுக்குத் தக்கபடி திருத்தினோம். தேர்வு விண்ணப்பம் திறக்கும் முன் இதை முடித்தால் நிம்மதி.

வில்லேஜ் ஆபீஸ் என்றதும் மலையாளம் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதித் தரலாம். 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலேயே அந்த உரிமை இருக்கிறது.

சாதிச் சான்றிதழில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். தமிழ்நாட்டில் வாங்கியதைக் காட்டி இங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது. பல தலைமுறையாகப் பாலக்காட்டிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது கிடைக்கும், நேற்று வந்த நமக்குக் கிடைக்காது. அவர்களிலும் பிற்பட்ட வகுப்பார், வசதி வரம்பைத் தாண்டாதவர் என்று காட்டும் 'நான்-கிரீமி லேயர்' சான்று காட்ட வேண்டும். கீம் விண்ணப்பத்தில் கேரளத்தவர், கேரளத்தவர் அல்லாதவர் என்று பிரித்திருப்பார்கள். நாம் எந்தப் பிரிவு என்பதை ப்ராஸ்பெக்டஸில் படித்த பிறகே டிக் போடுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கமும் ஒரு இழப்பு உண்டு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு மருத்துவம், என்ஜினீயரிங்கில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. பத்து முடித்து இங்கே சேர்ந்தால் அது போச்சு. நல்லாப் படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளையை, இரண்டு வருஷம் பாட்டி வீட்டில் விட்டாவது அங்கேயே முடிக்க வைக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். எங்கள் வீட்டில் இதற்கு இன்னும் சண்டை உண்டு.

டிகிரி பக்கம் கவனிக்க ஒன்றுதான். 2024லிருந்து கேரளப் பல்கலைக்கழகங்களில் நாலு வருஷ ஆனர்ஸ் படிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் டிகிரியோடு வெளியேறவும் செய்யலாம். தமிழ் படிக்க ஆசை என்றால் சித்தூர் அரசுக் கல்லூரியிலேயே தமிழ்த் துறை இருக்கிறது, அதற்காகப் பொள்ளாச்சி பஸ் ஏற வேண்டாம்.

காலேஜ்தான் போக வேண்டும் என்றும் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் மலம்புழா ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். அவன் உதவித்தொகை வாங்கிக்கொண்டே தொழில் பழகினான், எங்கள் பெரியவள் அப்போது இரண்டாம் வருஷம் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தாள். ப்ளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரவும் வழி உண்டு. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இங்கே எல்.பி.எஸ். சென்டர் என்ற அரசு அமைப்பு வழியாகத் தனி விண்ணப்பம். அதைக் கீமோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பணத்துக்கு, கல்விக் கடன் 7.5 லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும், பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் சேரும் பிள்ளைக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. அந்தச் சான்றிதழுக்கும் மேலே சொன்ன தாலுகா ஆபீஸ்தான், அதனால் இருப்பிடச் சான்றுக்குப் போகும்போதே இதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.