பாரோவா, லெண்டா?

'பேனாவைக் கொஞ்சம் கடன் கொடுங்க' என்பதை ஆங்கிலத்தில் கேட்கும்போது பலருக்கு 'கேன் யூ பாரோ மீ யுவர் பென்' என்று தவறாக வந்துவிடுகிறது. நம் 'கடன்' இரு பக்கத்துக்கும் பொது. வாங்கு, கொடு என்ற வினைதான் திசை காட்டும். ஆங்கிலத்தில் கடனும் திசையும் ஒரே வினைக்குள் இருக்கின்றன.

முதலில் எழுவாயைப் பிடியுங்கள். பொருள் எழுவாயின் கைக்கு வந்தால் பாரோ, கையை விட்டுப் போனால் லெண்ட். 'மே ஐ பாரோ யுவர் பென்?' என்பதில் எழுவாய் நான். 'குட் யூ லெண்ட் மீ யுவர் பென்?' என்பதில் எழுவாய் நீங்கள். அடுத்து ஆளையோ இடத்தையோ சேருங்கள். பாரோவுக்கு ஃப்ரம்: புதுச்சேரி ரோமன் ரோலான் நூலகத்தில் புத்தகம் எடுத்தால் 'ஐ பாரோட் எ புக் ஃப்ரம் த லைப்ரரி'. லெண்டுக்கு டு: 'ஐ லென்ட் த புக் டு ஹெர்'. ஆளை முன்னால் சொன்னால் டு வேண்டாம்: 'ஐ லென்ட் ஹெர் த புக்'.

புதுச்சேரியில் பிரெஞ்சும் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே இன்னொரு வழுக்கல் உண்டு. பிரெஞ்சில் கடன் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் தனித்தனி வினைகள் இருந்தாலும், யாரிடம் வாங்கினோம் என்பதற்கும் யாருக்குக் கொடுத்தோம் என்பதற்கும் 'ஆ' என்ற ஒரே முன்னிடைச்சொல்தான். அதை அப்படியே பெயர்த்தால் 'பாரோ டு' ஆகிவிடும்.

பழைய ஆங்கிலத்தில் பாரோவின் வடிவம் 'போர்கியன்'. 'போர்க்' என்றால் பிணை, ஈடு. பிணை வைத்து வாங்குவதுதான் முதல் அர்த்தம். அதன் ஜெர்மன் உறவான 'போர்கென்' இன்றும் வாங்குவது, கொடுப்பது இரண்டையும் குறிக்கும்; நம் கடனைப் போல.

லெண்டின் பழைய வடிவம் 'லேனன்'. அதில் டகரமே இல்லை. இறந்தகால வடிவத்தில் இருந்தது பின்னால் நிகழ்காலத்திலும் ஒட்டிக்கொண்டது. இன்றைய இறந்தகாலம் 'லென்ட்', 'லெண்டட்' தவறு. எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும் இரண்டையும் வாயில் பிரிக்க வேண்டும். நிகழ்காலத்தில் 'வண்டி'யின் மெல்லிய டகரம், உயிர் சற்று நீளும். இறந்தகாலத்தில் 'பட்டு'வின் வல்லொலி, சட்டென்று முடியும்.

திருப்பித் தருவதற்கே பாரோ. ஒரு தாள் வேண்டுமென்றால் 'கேன் ஐ ஹாவ் எ ஷீட் ஆஃப் பேப்பர்' போதும், அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கப் சர்க்கரைக்கு மட்டும் பாரோ வழக்கில் உண்டு. அதே அளவு திரும்ப வரும் என்ற கணக்கு. இடத்தைவிட்டு நகராத கழிவறைக்கும் பிளக் பாயிண்ட்டுக்கும் 'யூஸ்'. கழித்தல் கணக்கில் பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குவதும் பாரோதான், ஆனால் அங்கே திருப்பித் தருவதில்லை.

காசு கொடுத்து எடுப்பதற்குப் பாரோ வராது. சுற்றிப் பார்க்க ஸ்கூட்டர் எடுக்கும்போது 'ரெண்ட்' அல்லது 'ஹையர்' என்று சொல்லுங்கள். பாரோ என்றால் ஓசியில் கேட்பதாகிவிடும்.