பட்டுப்புழுவின் முதுகில் இதயத்துடிப்பை எண்ணுவது எப்படி

பூச்சிக்கு இதயம் முதுகுப்பக்கம், தோலுக்கு அடியிலேயே நீளமான ஒரு குழாயாக இருக்கும். அறுக்காமல் பார்ப்பதற்குப் பட்டுப்புழுதான் வசதி. சேலம் பக்கம் புழு வளர்க்கும் விவசாயியிடம் கேட்டு ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளலாம்.

நான்காம் தோலுரிப்பு முடிந்து இரண்டு மூன்று நாள் இலை தின்ற புழுவாக எடுங்கள். தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தால் தோலுரிக்கப் போகிறது, அதைத் தொடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புகையிலை தொட்ட கை பட்டாலே புழு செத்துவிடக்கூடும்.

மல்பெரி இலைமேல் விட்டு, தின்று ஓயும் வரை பொறுங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள்; நேர் மேலிருந்து அடித்தால் தோல் பளபளக்கும், ஒன்றும் தெரியாது. நடுமுதுகில் மங்கலான கோடு ஒன்று, வால்கொம்புப் பக்கமிருந்து தலையை நோக்கி அலையலையாகச் சுருங்கும். 10 மடங்கு லென்ஸ் போதும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்று தடவை எண்ணிச் சராசரி எடுங்கள். உள்ளங்கையில் வைத்து எண்ணினால் கைச்சூட்டில் துடிப்பு கூடிவிடும். சேலத்து மதிய வெயிலில் எண்ணியதைவிட ஏற்காட்டுக் காலைக் குளிரில் குறைவாகத்தான் வரும், ஆகவே வெப்பநிலையையும் சேர்த்துக் குறியுங்கள். கூட்டுப்புழுவில் அலை அவ்வப்போது திசை மாறி வாலை நோக்கி ஓடும், குழம்ப வேண்டாம்.

குழாய் தளரும்போது பக்கத்துளைகள் வழியே இரத்தம் உள்ளே வரும். சுருங்கும்போது துளைகள் மூடி, இரத்தம் தலைக்குப் போகும். அங்கே குழாய் முடிந்துவிடுகிறது. பிறகு இரத்தம் உடற்குழியில் பரவி, உறுப்புகளை நனைத்தபடி பின்னால் திரும்பும். அது சுமப்பது உணவுச்சத்து, ஹார்மோன், கழிவு. ஆக்சிஜன், விலாவில் கரும்புள்ளிகளாகத் தெரியும் மூச்சுத்துளைகள் வழியே தனிக் குழல்களில் போகிறது. அதனால்தான் இரத்தம் சிவப்பாக இல்லை.

புழுவின் உடல் விறைப்பே இந்த இரத்த அழுத்தம்தான். தோல் கிழிந்தால் இரத்தம் ஒழுகி, புழு துவண்டுவிடும். ஆரோக்கியமான புழுவைக் குத்திப் பார்க்க வேண்டாம்.

தோல் பளபளத்து, கணுக்கள் வீங்கி, தட்டின் விளிம்பில் அலையும் புழுவை மட்டும் சோதியுங்கள். அதன் வயிற்றுக்கால் ஒன்றை ஊசியால் லேசாகக் குத்தினால் ஒரு துளி வரும். தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் சரி. சில நிமிடத்தில் அது கறுப்பது நோயல்ல, காற்றுப் பட்டதால் வரும் இயல்பான மாற்றம். பால்போல் வெளுத்திருந்தால் கிராசரி என்னும் வைரஸ் நோய். அந்தத் துளியைத் தட்டில் சிந்தவிடாமல், புழுவையும் ஊசியையும் கிருமிநாசினிக் கரைசலில் போடுங்கள்: லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பிளீச்சிங் பவுடர், 3 கிராம் நீற்றிய சுண்ணாம்பு.

தொற்றின் தொடக்கத்தில் துளி தெளிவாகவே இருக்கும். அதே தட்டை மறுநாளும் பாருங்கள்.