ஜீப் பிக்கப்புக்கு அலாய் வீல்: அளப்பது முதல் மாட்டுவது வரை

வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி பக்கம் டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிந்து பளபளவென்று நிற்கும் பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப்புகளில் கடைசியாக மாறுவது வீல்தான். பார்வைக்குப் பிடித்த செட்டை முதலில் வாங்கிவிட்டு, அது உட்காரவில்லை என்று வண்டியை வெட்டித் திருத்துவது தலைகீழ் வேலை. முதலில் ஹப்பை, அதாவது வீல் உட்காரும் நடுப்பகுதியை, அளங்கள். அந்த அளவுக்கு எந்த வீல் வருகிறதோ அதில் பிடித்ததை எடுங்கள்.

ஹப்பில் அளக்க வேண்டியவை

ஸ்டட் என்பது வீல் நட் ஏறும் மரைத் தண்டு. ஐந்து ஸ்டட் உள்ள ஹப்பில் நேர் எதிரே இன்னொரு ஸ்டட் இருக்காது. அதனால் பி.சி.டி.யை, அதாவது ஸ்டட்டுகளின் நடுப்புள்ளிகள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்தை, நேராக அளக்க முடியாது. வெர்னியரை எடுத்து ஒரு ஸ்டட்டின் இடது விளிம்பிலிருந்து பக்கத்து ஸ்டட்டின் இடது விளிம்பு வரை அளந்து, 1.701ஆல் பெருக்குங்கள். வில்லிஸ் என்ற மூல அமெரிக்க ஜீப்பின் வழிவந்த ஜீப்களில் 82.1 மி.மீ. வரும்; பெருக்கினால் 139.7, அதாவது ஐந்தரை அங்குலம். மாருதி ஜிப்ஸிக்கும் இதே பி.சி.டி. என்பதால் சந்தையில் வீல் கிடைப்பதில் சிரமமில்லை. 67 மி.மீ. சுமார் வந்தால் அது 114.3 பி.சி.டி. ஹப், யாரோ எப்போதோ கார் ஆக்ஸிலை மாற்றி வைத்திருக்கிறார்கள். நான்கு ஹப்பையும் தனித்தனியாக அளக்கச் சொல்வது இதற்காகத்தான். முன்னால் ஒரு வண்டியின் ஆக்ஸில், பின்னால் வேறொன்றின் ஆக்ஸில் என்று ஓடும் பிக்கப்புகள் நிறைய உண்டு.

அடுத்து ஸ்டட்டின் மரை. பழைய வில்லிஸ் வகையில் அரை அங்குல ஸ்டட், அங்குலத்துக்கு 20 மரை. ஜிப்ஸியில் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25. இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். அரை அங்குல நட் 12 மி.மீ. ஸ்டட்டில் தடையில்லாமல் ஏறும், இறுக்கினால் இறுகுவது போலவும் இருக்கும். ஆனால் மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். ஓட்டத்தில் உருவிக்கொண்டு வந்துவிடும். கையால் ஏற்றிய நட்டை ஆட்டிப் பாருங்கள். வழக்கத்துக்கு மீறிய ஆட்டம் இருந்தால் அந்த நட் அந்த ஸ்டட்டுக்கு உரியதல்ல.

பழைய வில்லிஸ் ஹப்களில் இடது பக்கம் இடது மரை இருக்கும். ஸ்டட் நுனியில் ‘எல்’ எழுத்து பொறித்திருக்கிறதா என்று பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். தெரியாமல் நியூமேடிக் கன் வைத்து வழக்கம் போலக் கழற்றப் போனால் இறுகிக்கொண்டே போய் ஸ்டட் முறியும். அலாய் வீலுக்கு இடது மரை நட் கிடைப்பது அரிது என்பதால் அந்தப் பக்கம் ஸ்டட்டை மாற்றிவிடுவதே நல்லது. டிரம்மோடு சேர்த்துத் தட்டி விரித்து அடித்த ஸ்டட்டாக இருந்தால், விரிந்த பகுதியை லேத்தில் கடைந்து எடுத்த பிறகுதான் பிரஸ்ஸில் தள்ள வேண்டும். அப்படியே தள்ளினால் ஹப்பின் ஓட்டை பெருத்துப் புது ஸ்டட் சுற்ற ஆரம்பிக்கும்.

வீல் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே

வீலைக் கவிழ்த்து வைத்து, பின்விளிம்பின் மேல் நேரான இரும்புச் சட்டத்தைக் குறுக்கே போட்டு, அங்கிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை அளங்கள். இதுதான் பேக் ஸ்பேசிங். 7 அங்குல ரிம்மின் மொத்த அகலம் விளிம்போடு சுமார் 8 அங்குலம். ஆஃப்செட் பூஜ்யம் என்றால், அதாவது ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் சரி நடுவில் இருந்தால், இந்த அளவு 4 அங்குலம் வரும். அது கூடக்கூட டயர் கமான் பட்டை பக்கம் நெருங்கும். குறையக்குறைய வெளியே தள்ளும். ஸ்டியரிங் கனக்கும், வீல் பேரிங்கும் கிங்பின்னும் சீக்கிரம் தேயும். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போட்டுச் சரிக்கட்டும் வேலை வேண்டாம். சுமை ஏற்றும் வண்டி இது.

டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். 16 அங்குலத்திலிருந்து 15க்கு இறங்கும்போது டிரம்மும் டை ராட் எண்டும் ரிம்முக்கு நெருக்கமாக வரும். எங்கும் 5 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் லாக்கிங் ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வீலின் நடு ஓட்டை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், 108 மி.மீ. ஓட்டை உள்ள வீலைக் கேட்டு வாங்குங்கள்.

டயர்

பழைய 6.00-16 டயரின் உயரம் சுமார் 28.5 அங்குலம். 235/75 ஆர்15 கணக்குப் போட்டால்: 235இல் 75 சதவீதம் 176 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 352, ரிம் 381, மொத்தம் 733 மி.மீ., அதாவது 28.9 அங்குலம். ஸ்பீடோமீட்டர் அதிகம் பிசகாது. 215/75 ஆர்15 என்றால் 27.7 அங்குலம், வண்டி சற்றுத் தாழும், மட்கார்டுக்குள் வெற்றிடம் தெரியும்.

பக்கவாட்டில் உள்ள லோடு எண்ணையும் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோ, 105 என்றால் 925, 109 என்றால் 1,030. ரிம்மின் பின்புறத்திலும் தாங்கும் எடை அச்சிட்டிருக்கும். எடை அச்சிடாத ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிக்கப்புக்கு வாங்காதீர்கள்.

பெயின்ட்

புதுப்பித்த வண்டியில் வீல் கழன்றுகொள்ள முதல் காரணம் பெயின்ட். டிரம்மின் முகத்தில் பிரைமர், இரண்டு கோட் பெயின்ட், வீலின் பின்முகத்தில் பவுடர் கோட்டிங் என்று அடுக்கு சேர்ந்திருக்கும். நட் இறுகும்போது டார்க், அதாவது இறுக்கும் திருகு விசை, சரியாகக் காட்டும். ஓட்டத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் அந்த அடுக்கு நசுங்கி மெலிய, ஸ்டட்டின் இழுவிசை போய்விடும். டிரம் முகம், வீலின் பின்முகம், நட் உட்காரும் கூம்புக் குழி மூன்றிலும் பெயின்டை எடுத்து வெறும் உலோகமாக்குங்கள். 120 நம்பர் எமரி போதும். கிரைண்டர் வைத்தால் முகம் மேடு பள்ளமாகிவிடும். ஸ்டட்டில் ஒட்டிய பெயின்டைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். மரையில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். வழுக்கும் மரையில் அதே டார்க்குக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

மாட்டுவது

பழைய நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப் பக்க வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஆக்ஸிலின் கீழ் ஜாக்கி வையுங்கள். புது நட்டின் கூம்பு வீலின் குழிக்குப் பொருந்த வேண்டும். பெரும்பாலான அலாய்களுக்கு 60 டிகிரி கூம்பு, சிலவற்றுக்கு உருண்டை. குழியில் துளி மார்க்கர் மை பூசி நட்டை இறுக்கிக் கழற்றினால், முழு வட்டமாக மை ஒட்டியிருக்கிறதா, ஒரு கோடு மட்டும்தானா என்று தெரிந்துவிடும். ஸ்டட்டில் குறைந்தது பத்துச் சுற்று நட் ஏற வேண்டும். அலாய் ரிம் தடிமன் கூட என்பதால் பழைய ஸ்டட் பல நேரம் போதாது. நீளமான ஸ்டட் அடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தையும் கையால் ஏற்றி, வீல் மையத்தில் உட்கார்ந்ததும் வண்டியை இறக்கி, நட்சத்திர வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக 40, 70, 100 நியூட்டன் மீட்டர் என மூன்று சுற்றில் இறுக்குங்கள். 100 என்பது அரை அங்குல ஸ்டட்டுக்கு, 12 மி.மீ.க்கு 90இல் நிறுத்தலாம். முதல் 50 கி.மீ.யிலும் 200 கி.மீ.யிலும் வீல் ஆறிய பிறகு மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

காலி வண்டியில் உரசாதது சுமையில் உரசும். 25 கிலோ அரிசிச் சிப்பம் 16 ஏற்றினால் 400 கிலோ. அப்படி ஏற்றி, ஒரு பின் வீலை மட்டும் மேட்டில் ஏற்றிப் பாருங்கள். முன்பக்கத்துக்கு ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, டயருக்கும் கமான் பட்டைக்கும் நடுவே விரல் போகிறதா பாருங்கள். போகாவிட்டால் நக்கிளில் உள்ள ஸ்டாப் போல்ட்டைச் சில சுற்று வெளியே எடுத்தால் திருப்பம் குறையும். பிறகு ஏலகிரி ஏறி இறங்குங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளில் உரசல் இருந்தால் டயரின் உள்தோளில் பளபளப்பான கோடாகத் தெரியும். அலைன்மென்ட்டில் டோ-இன், அதாவது முன் வீல்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு, 1 முதல் 2 மி.மீ. போதும்.

காற்றைக் காலையில், ஓட்டும் முன் பாருங்கள். காலி வண்டிக்கு முன்னால் 28, பின்னால் 30 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம்; சுமைக்கு ஏற்பப் பின்னால் கூட்டலாம், டயரில் அச்சிட்ட உச்சத்தைத் தாண்டாமல். மே மாதம் பெங்களூர் ரோட்டில் ஓடி நிற்கும் டயரில் அளவு ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள்.

டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும் வண்டி என்றால் பழைய வீல் செட்டை விற்காமல் வைத்திருங்கள்.

ஸ்டெப்னியாகப் பழைய இரும்பு வீலையே வைத்துக்கொள்பவர்கள், அதற்குரிய பழைய நட் ஐந்தைத் துணிப்பையில் போட்டு ஜாக்கியோடு கட்டி வையுங்கள். அலாய் நட் இரும்பு வீலின் குழியில் சரியாக உட்காராது. டயர் உயரமும் வேறு என்றால் அந்த ஸ்டெப்னியில் பஞ்சர் கடை வரை மட்டும், நான்கு சக்கர இழுவை போடாமல் ஓட்டுங்கள்.