கென்டக்கி, ஓஹாயோ பழைய நிலப் பத்திரங்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கென்டக்கி பின்னர் பிரிந்து வந்த வர்ஜீனியாவின் 1740களின் பத்திரப் புத்தகம் ஒன்றைப் புரட்டினால், ஐந்து ஷில்லிங் வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரு வருடக் குத்தகைக்கு விட்டதாகவும், கேட்டால் வாடகையாக ஒரு மிளகு தர வேண்டும் என்றும் எழுதிய பத்திரம் சீக்கிரமே கண்ணில் படும். படிப்பவர்கள் பலர் குத்தகை என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். அது குத்தகையே அல்ல, கிரயத்தின் முன்பாதி. மறுநாள் தேதியில் அதே இருவருக்குள் அதே நிலத்துக்கு ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கும். உண்மையான விலை அதில்தான் வரும்.

ஏன் இந்தச் சுற்று? பழைய ஆங்கிலேயச் சட்டப்படி நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால் இரு தரப்பும் நிலத்துக்கே போய் மண்ணை அள்ளிக் கையில் கொடுக்க வேண்டும். குத்தகை எழுதிவிட்டால் வாங்குபவர் ஏற்கெனவே சுவாதீனத்தில் இருப்பதாகக் கணக்கு. அப்புறம் விற்பவர் தன் மிச்ச உரிமையை விடுவித்தால் போதும், யாரும் காட்டுக்குப் போக வேண்டாம். ஆகவே முதல் பத்திரத்தைப் பார்த்ததும் அடுத்த பக்கத்தையும் பாருங்கள்.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. 1752க்கு முன்பு அங்கே புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதி. குத்தகை 1740 மார்ச் 24, விடுதலை 1741 மார்ச் 25 என்று இருந்தால் ஒரு வருட இடைவெளி என்று எழுதிவிடாதீர்கள். இடைவெளி ஒரே ஒரு நாள்.

'பவுண்டு' என்றதும் லண்டன் பவுண்டாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. ஒரு ஸ்பானிய வெள்ளி டாலருக்கு லண்டனில் 4½ ஷில்லிங், வர்ஜீனியாவில் 6, பென்சில்வேனியாவில் 7½, நியூயார்க்கில் 8. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால், 30 பவுண்டு விலை என்பது வர்ஜீனியாப் பணமானால் 100 டாலர், பென்சில்வேனியாப் பணமானால் 80, நியூயார்க் பணமானால் 75. எந்தக் காலனியின் பணம் என்று பத்திரத்திலேயே பெரும்பாலும் இருக்கும். அந்த இரண்டு சொல்லை விட்டுவிட்டால் விலை ஒப்பீடு மொத்தமும் தப்பு.

கென்டக்கியில் ஆட்கள் அதிகம் வழுக்குவது வேறோர் இடத்தில். 1779 வர்ஜீனியாச் சட்டப்படி நிலம் கைக்கு வர நான்கு படி. முதலில் வாரண்ட்: கருவூலத்தில் பணம் கட்டி (100 ஏக்கருக்கு 40 பவுண்டு, அதுவும் மதிப்பு இறங்கிக்கொண்டிருந்த காகிதப் பணம்) இத்தனை ஏக்கருக்கு உரிமை என்று வாங்கும் சீட்டு. எந்த இடம் என்று அதில் இருக்காது. இரண்டாவது, என்ட்ரி: கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) சர்வேயரின் புத்தகத்தில் இன்ன இடம் வேண்டும் என்று எழுதிவைப்பது. மூன்றாவது, அளவை. நான்காவதுதான் கிராண்ட், அதாவது அரசின் மூலப்பத்திரம். நான்காவது படிக்கு முன் எந்த இடத்திலும் உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். வாரண்ட்டில் ஒரு பெயரைப் பார்த்து, அவர் கென்டக்கியில் குடியிருந்தார் என்று முடிவு கட்டுவது அதனால்தான் ஆபத்து. போர்ச் சேவைக்கு வாரண்ட் பெற்ற சிப்பாய்கள் பலர் அதை விற்றுவிட்டு அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை.

கிராண்ட் வந்துவிட்டாலும் நிலம் கெட்டியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. அரசு முன்கூட்டி அளந்து வைக்கவில்லை. வாங்குபவரே இடம் பார்த்து, தானே ஆள் வைத்து அளந்துகொண்டார். ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் நிலம், கூரை ஓடு அடுக்கியதுபோல ஏறி நின்றது. என்ட்ரி துல்லியமாக இல்லை என்று நீதிமன்றம் சொன்னால் பின்னால் வந்த கிராண்ட்டும் ஆடிப்போகும். காட்டை விரல்நுனியில் வைத்திருந்த கென்டக்கிக் குடியேற்ற முன்னோடி டேனியல் பூன் இப்படித் தன் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தார். ஆபிரகாம் லிங்கனின் தந்தை 1816இல் இண்டியானாவுக்குப் பெயர்ந்ததற்கு முக்கியக் காரணம் கென்டக்கி நில உரிமைச் சிக்கல்தான் என்று லிங்கனே எழுதியிருக்கிறார். எனவே கிராண்ட்டோடு நிறுத்தாமல் அந்தக் கவுண்டியின் வழக்குப் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். கவுண்டி எது என்பதும் மாறும்: கென்டக்கி கவுண்டியை 1780இல் ஃபயட், ஜெஃபர்சன், லிங்கன் என்று மூன்றாகப் பிரித்தார்கள், பிறகு அவையும் பிரிந்தன. நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, ஆவணம் மட்டும் பல ஊர்களில் கிடக்கும்.

இனி அளவு. அங்கே செக்குபந்தி மரத்தில் தொடங்கும்: ஒரு வெள்ளை ஓக் மரம், அங்கிருந்து இன்ன திசையில் இத்தனை 'போல்' தூரம், அங்கே ஒரு ஹிக்கரி மரம். போல் என்றாலும் பெர்ச், ராட் என்றாலும் ஒன்றே, 16½ அடி. நான்கு போல் ஒரு செயின், 66 அடி, 100 லிங்க்ஸ். நம்மூர்ப் பழைய புலப்படங்களில் ஓடுகிற அதே கன்டர் சங்கிலிதான். 160 சதுர போல் ஒரு ஏக்கர். 320 போல் நீளம், 200 போல் அகலம் உள்ள செவ்வகம் சரியாக 400 ஏக்கர், நீளம் ஒரு மைல். பத்திரத்தில் உள்ள எல்லைகளை வரைந்து ஏக்கர் கணக்கோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது அரை மணி வேலை. குமாஸ்தா பிரதி எடுக்கும்போது ஒரு வரியை விட்டிருந்தால், கடைசிக் கோடு தொடங்கிய மரத்துக்குத் திரும்பி வராமல் காட்டிக்கொடுத்துவிடும்.

திசை காந்த ஊசி காட்டியது. காந்த வடக்கு காலப்போக்கில் நகர்வதால், பழைய கோணத்தை அப்படியே இன்றைய வரைபடத்தில் போடக் கூடாது. ஒரு டிகிரி பிசகினால் ஒரு மைலுக்கு 92 அடி விலகும். 'லிக்கிங் ஆற்று நீரில்' என்ற தொடரும் ஏமாற்றும். ஆற்றங்கரை நிலம் என்று பொருள் இல்லை. அந்த ஆற்றில் போய்ச் சேரும் ஏதோ ஓர் ஓடையின் பக்கம், அவ்வளவுதான்.

பத்திரம் எழுதிய நாள் வேறு, சாட்சிகள் நீதிமன்றத்தில் வந்து மெய்ப்பித்த நாள் வேறு. ஒரு சாட்சி வராமல் போனால் பதிவு வருடக்கணக்கில் தள்ளிப்போகும். பதிவு நாளில் விற்றவர் உயிரோடு இருந்தார் என்று சொல்ல முடியாது. மனைவியின் ஒப்புதலையும் கவனியுங்கள். கணவன் இறந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவள் ஆயுள் வரை அவளுக்கு. அதனால் நீதிபதிகள் அவளைத் தனியே விசாரித்து விட்டுக்கொடுத்ததைப் பதிந்தார்கள். அந்தக் குறிப்பு சில சமயம் வேறு பக்கத்தில் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் விற்றவர் பிரம்மச்சாரி என்று எழுதிவிட வேண்டாம்.

ஓஹாயோ ஆற்றைத் தாண்டினால் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும் என்பது பாதி உண்மை. சியோட்டோ, லிட்டில் மயாமி ஆறுகளுக்கு நடுவே வர்ஜீனியா தன் சிப்பாய்களுக்கு ஒதுக்கிக்கொண்ட பகுதி பழைய மரக்கணக்கிலேயே அளக்கப்பட்டது. மற்ற பல இடங்களில் 1785 சட்டம் வகுத்த டவுன்ஷிப்: பக்கத்துக்கு 6 மைல், உள்ளே 640 ஏக்கர் வீதம் 36 செக்‌ஷன். எண் போடும் முறை மட்டும் மாறியது. 1785 முறையில் 1 தென்கிழக்கு மூலையில் தொடங்கி வடக்கே ஏறும். 1796 முறையில் 1 வடகிழக்கு மூலை, அங்கிருந்து மேற்கே போய் மடங்கி வரும். முதல் முறையில் 1 என்ற அதே மூலைக்கு இரண்டாம் முறையில் 36. எந்தச் சட்டத்தின் கீழ் அளந்தது என்று தெரியாமல் புள்ளி வைத்தால் டவுன்ஷிப்பின் இன்னொரு முனையில் போய் நிற்பீர்கள்.

'வடகிழக்குக் கால், தென்மேற்குக் காலின், 10ஆம் செக்‌ஷனின்' என்ற வரிசையில் ஆங்கிலப் பத்திரத்தில் நில விவரம் இருக்கும் (கால் என்பது கால் பங்கு). கடைசியிலிருந்து படியுங்கள், தமிழில் சொன்னால் தானாகவே சரியாகிவிடும்: 10ஆம் செக்‌ஷனின் தென்மேற்குக் காலில் வடகிழக்குக் கால், 40 ஏக்கர். 'இன்' வர வேண்டிய இடத்தில் 'உம்' என்று படித்தால் இரண்டு கால் பங்கு, 320 ஏக்கர் ஆகிவிடும்.

1800 சட்டத்தின் கீழ் ஏக்கர் 2 டாலர், குறைந்தது 320 ஏக்கர், நான்கு வருடத் தவணை. முழுப்பணமும் கட்டிய பிறகே அரசு பேட்டன்ட் (மூலப்பத்திரம்) கொடுத்தது. பேட்டன்ட் தேதியில்தான் குடும்பம் வந்தது என்று எண்ணினால் சில வருடம் பிசகும். நில அலுவலகத்தில் முதல் பணம் கட்டிய தேதியைத் தேடுங்கள். 1820இல் தவணை நின்றது, விலை 1.25 டாலர், குறைந்தபட்சம் 80 ஏக்கர் ஆனது. அதற்குப் பிந்தைய கொள்முதல் என்றால் 100 டாலரை மொத்தமாகக் கட்டி 80 ஏக்கர் வாங்கியவர்களையே நிறையப் பார்ப்பீர்கள்.